சிலிக்கா தூசி: கல், கான்கிரீட், மணலோடு வேலை செய்கிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பூச்சு முடிந்த ஓர் அறை. எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருக்கிறார். கட்டிங் மெஷின் சுவரைத் தொட்ட சில வினாடிகளில் அறை வெள்ளையாகிவிடுகிறது. மெஷின் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. மூக்கில் கட்டியிருந்த கர்ச்சீப்பை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, வாசலில் நிற்கும் உதவியாளைக் கூப்பிடுகிறார்: "தூசி அடங்கிடுச்சு, உள்ள வா தம்பி."

அடங்கியது கண்ணுக்குத் தெரிந்த தூசி. நோயைக் கொடுக்கிற தூசி அந்த அறையில் இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள குவார்ட்ஸ் துகள், அதாவது சிலிக்காவின் ஒரு வகைத் துகள், காற்றே அசையாத அறையில்கூட ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க ஐந்தாறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காற்று அசைந்தால், ஆள் நடந்தால், இன்னும் அதிகம். அந்தத் தம்பி மெஷினைத் தொடவே இல்லை. ஆனாலும் அன்றைய தூசியில் அவருக்கும் பங்கு உண்டு.

மாஸ்க்கைப் பற்றி மட்டும் பேசும் வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. இங்கே மாஸ்க் ஏழாவது படியில்தான் வரும். பறந்துவிட்ட தூசியைப் பிடிப்பது மிகக் கடினம். அது பிறக்கிற இடத்தில், பிளேடு கல்லைத் தொடும் அந்த ஒரு விரற்கடையில், பிடிப்பது எளிது. கீழே வரும் படிகளின் வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

இந்தத் தூசி உள்ளே போய் என்ன செய்கிறது

சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. பூமியின் மேலோட்டில் எங்கும் இருப்பது. அதில் இரண்டு வகை. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக வகை ஒன்று. குவார்ட்ஸ், கிரிஸ்டோபலைட் இரண்டும் இதில் சேரும். ஒழுங்கில்லாத வகை இன்னொன்று. கண்ணாடி அதைச் சேர்ந்தது. நாம் பயப்பட வேண்டியது படிக வகைக்கு.

ஆற்று மணலில் கைவிட்டு அள்ளினால் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், வருவதில்லை. அந்த மணல் பெரியது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியேறிவிடும். அதே மணலை உடைத்து, அரைத்து, அறுத்து, துளைத்து 10 மைக்ரானுக்கும் கீழே கொண்டுவரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதிலும் 4 மைக்ரானும் அதற்குக் கீழும் இருப்பவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம்.

காற்றுப்பைக்குள் குப்பை அள்ளுவதற்கென்றே செல்கள் உண்டு. அவை இந்தத் துகளை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியவில்லை. துகள் அந்தச் செல்லையே கொன்றுவிடுகிறது. செத்த செல்லிலிருந்து துகள் வெளியே வருகிறது. அடுத்த செல் வந்து விழுங்குகிறது. இந்தச் சுற்று நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் வீக்கம், பிறகு தழும்பு, பிறகு கட்டியான முடிச்சு. தழும்பேறிய நுரையீரல் விரியாது. அதனால்தான் வேலையை விட்ட பிறகும் நோய் தொடர்ந்து முற்றுகிறது. உள்ளே போன துகள் உள்ளேயே இருக்கிறது. எதைத் தின்றும் எதைக் குடித்தும் அதைக் கழுவி வெளியேற்ற முடியாது. அப்போதுதான் உடைந்த துகள், பழைய துகளைவிடக் கொடியது. உடைந்த முகம் புதிதாக இருக்கும்போது அதன் வேதிவினைத் திறன் அதிகம்.

சிலிக்கோசிஸ் மூன்று வேகங்களில் வரும். அளவான தூசியில் 10 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு மெதுவாக வருவது ஒன்று. அதிகத் தூசியில் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் வருவது இரண்டாவது. மிகக் கடுமையான தூசியில் சில வாரங்கள் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே வந்து ஆளைச் சாய்ப்பது மூன்றாவது. இதோடு காசநோய் தொற்றும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட மூச்சடைப்பு நோய், சிறுநீரக நோய், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குபவை) ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்துவிட்டது.

படி 1: கையில் இருக்கும் பொருளில் சிலிக்கா எவ்வளவு?

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. மணற்கல்லில் 70 முதல் 90 சதவீதம் வரை சிலிக்கா. கான்கிரீட்டிலும் சாந்திலும் 25 முதல் 70 வரை, போட்ட மணலையும் ஜல்லியையும் பொறுத்து. தரை ஓடுகளில் 30 முதல் 45. கிரானைட்டில் 20 முதல் 45. செங்கலில் 30 வரை. சுண்ணாம்புக்கல்லிலும் மார்பிளிலும் 2 சதவீதம் போலத்தான்.

சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை இந்தப் பட்டியலின் உச்சி. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கட்டிச் செய்வதால் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். இதை வெட்டி மெருகேற்றிய இளைஞர்கள், முப்பதுகளில் இருப்பவர்கள், நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் நிலை பல நாடுகளில் வந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைச் செய்வதையும் விற்பதையும் வெட்டுவதையும் பொருத்துவதையும் தடை செய்தது. தண்ணீர், உறிஞ்சி, மாஸ்க் எல்லாம் சொல்லிப் பார்த்தும் நோய் நிற்கவில்லை என்ற நிலையில் எடுத்த முடிவு அது. மார்பிள் வெட்டிப் பழகிய கை, அதே முறையில் குவார்ட்ஸ் பலகையை வெட்டத் தொடங்குவதுதான் இந்தத் தொழிலில் நான் மிகவும் அஞ்சுகிற மாற்றம். மெஷின் அதே, பிளேடு அதே, பட்டறை அதே. தூசியின் நஞ்சு மட்டும் பல பத்து மடங்கு.

மூட்டையில் வரும் பொருளானால் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "குவார்ட்ஸ்", "கிரிஸ்டோபலைட்", "படிக சிலிக்கா" ஆகிய மூன்று சொற்களையும் அதில் தேடுங்கள்.

படி 2: தூசி எப்போது கிளம்புகிறது என்று கண்ணால் பாருங்கள்

இதற்குக் கருவி வேண்டாம். பலமான டார்ச் போதும். அறையை இருட்டாக்குங்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால் டார்ச்சை வைத்து, ஒளி உங்கள் பக்கம் வரும்படி திருப்புங்கள். விளக்கு நேராகக் கண்ணில் அடிக்காதபடி ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒளிக்கற்றையை ஓரத்திலிருந்து பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் மேகம் மேகமாகத் தூசி உருள்வது தெரியும். அது மெஷினிலிருந்து எந்தத் திசையில் போகிறது, வேலை செய்கிறவரின் மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் எழுகிறது, மெஷினை நிறுத்தி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எல்லாம் பிடிபடும். "எங்க வேலைல தூசியே இல்லீங்க" என்று சொல்லும் மேஸ்திரிக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் வாதம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இது தூசி இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மிக நுண்ணிய தூசி டார்ச்சிலும் தப்பலாம்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: வேலை, பொருள், ஒரு நாளில் எத்தனை நேரம், அருகில் யார் யார். கடைசிக் கேள்வியில்தான் பலரும் தவறுகிறார்கள். வெட்டுகிறவர் பெயர் இருக்கும். பெருக்குகிறவர், பக்கத்தில் பெயின்ட் அடிக்கிறவர், கட்டடத்திலேயே தங்கும் குடும்பம் இவர்கள் விடுபட்டிருப்பார்கள்.

படி 3: தூசி வராத வழி இருக்கிறதா?

வார்த்த பிறகு சுவரை வெட்டுவதைவிட, வார்க்கும்போதே பைப்பை வைத்துவிடலாம். ஓட்டை எங்கே வரும் என்று தெரிந்தால் அங்கே முன்கூட்டியே குழாய் வைத்து வார்க்கலாம். டைல்ஸ் வெட்டக் கையால் கீறி ஒடிக்கும் கட்டர் போதுமென்றால் மெஷின் எதற்கு? செங்கல்லையும் நடைபாதைக் கல்லையும் ஒடிக்கப் பிளக்கும் கருவிகள் உண்டு. அளவெடுத்து அடுக்கினால் வெட்டும் எண்ணிக்கையே குறையும்.

மணலை வேகமாக அடித்து, துருவையும் பெயின்ட்டையும் நீக்கும் வேலையில் மாற்றுப் பொருள் கட்டாயம். பிரிட்டன் அந்த வேலைக்கு மணலை 1950 வாக்கிலேயே தடை செய்தது. எஃகுக் குண்டு, கார்னெட், அலுமினியம் ஆக்சைடு போன்றவை அதே வேலையைச் செய்யும். ஜீன்ஸ் துணியை வெளிற வைக்க மணல் அடித்த இளைஞர்கள் துருக்கியில் சிலிக்கோசிஸில் இறந்தார்கள். அந்த நாடு 2009-ல் அதைத் தடை செய்தது. ஒரு துணி பழசாகத் தெரிவதற்காக நுரையீரலைக் கொடுத்தவர்கள் அவர்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

படி 4: தண்ணீர்

வெட்டும் இடத்தில் சரியாகத் தண்ணீர் விட்டால் தூசியில் பத்தில் ஒன்பது பங்கு அடங்கிவிடும். "சரியாக" என்ற சொல்தான் முக்கியம். கல்லை முன்கூட்டியே நனைத்து வைப்பது போதாது. பிளேடு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனதும் காய்ந்த கல்தான். ஒருவர் பாட்டிலில் ஓட்டை போட்டு அவ்வப்போது ஊற்றுவதும் போதாது. பிளேடின் இரு பக்கமும், வெட்டு நடக்கும் முழு நேரமும், தடையில்லாமல் விழ வேண்டும். கையால் பிடித்து வெட்டும் பெரிய கட்-ஆஃப் மெஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்பது குறைந்த அளவு. ஓட்டத்தை ஒரு குவளையில் பிடித்து, கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். நாசில் அடைத்திருப்பதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதே இல்லை.

மின்சார மெஷினில் தண்ணீர் என்றால் உயிர்ப் பிரச்சினை. தண்ணீருக்கென்று செய்த மெஷினில் மட்டும் தண்ணீர் விடுங்கள். சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் ஊற்றக் கூடாது. இணைப்பில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும், வயர் ஈரத்தில் கிடக்கக் கூடாது. டீசல், பெட்ரோல் மெஷின் என்றால் மூடிய அறையில் ஓட்டக் கூடாது. அதன் புகை தனி நஞ்சு.

வெட்டி வழிந்த சேற்றை அன்றே, ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்துவிடுங்கள். காய விட்டால் நேற்று அடக்கிய தூசி இன்று காலடியில் எழும்.

படி 5: உறிஞ்சி

தண்ணீர் விட முடியாத இடத்தில், பூசிய சுவர், மின்வேலை, வீட்டுக்குள் மராமத்து போன்றவற்றில், மெஷினின் மேல் மூடியும் அதிலிருந்து குழாய் வழியே வேக்குவமும் வேண்டும். வீட்டில் தரை துடைக்கும் வேக்குவம் இங்கே எதிரி: பெரிய தூசியைப் பிடித்து நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும். ஹெப்பா ஃபில்டர் உள்ளதே வேண்டும். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்.

மூடி சுவரோடு ஒட்டியிருக்கும்போதுதான் வேலை செய்யும். மூலையில் வெட்டும்போது மூடியைக் கழற்றிவிடும் வழக்கம் உண்டு; அந்த மூலையில்தான் நாள் முழுவதற்கும் உரிய தூசி வருகிறது. பிளேடு தூசியை மூடிக்குள் தள்ளும் திசையில் மெஷினை நகர்த்துங்கள். உறிஞ்சும் பலம் குறைந்தால் உடனே நிறுத்தி ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். தட்டி உதறக் கூடாது. கருவியிலேயே அதற்கான பொத்தானோ கைப்பிடியோ இருக்கும். பையை மாற்றும் நேரத்தில் மாஸ்க் கட்டாயம்.

படி 6: உங்கள் தொழிலில் எங்கே பதுங்கியிருக்கிறது?

கல் குவாரியிலும் சுரங்கப் பாதையிலும் துளைக்கும் வேலையே தலைமை ஆபத்து. 1930-31-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப் பாதையைச் சிலிக்கா மிகுந்த பாறை வழியே, பெரும்பாலும் தண்ணீரில்லாமல் துளைத்தார்கள். வேகம் வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானோர், அவர்களில் பெரும்பான்மை வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள், சிலிக்கோசிஸில் மாண்டார்கள். சிலர் சில மாத வேலையிலேயே. துளைக்கும் கம்பியின் நடுவே தண்ணீர் செலுத்தும் முறை அப்போதே தெரிந்ததுதான். அறிவு இல்லாததால் நடந்த சாவு அல்ல அது.

கிரஷரில் கல் கொட்டும் வாய், ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு விழும் இடம், சல்லடை ஆகிய மூன்றும் தூசி ஊற்றுகள். அங்கே நுண்துளித் தெளிப்பும் மூடியும் வேண்டும். ஆபரேட்டர் அறைக்கு வடிகட்டிய காற்று வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் அது அறையே அல்ல. எம்-சாண்ட் யார்டில் காய்ந்த நுண்தூள் குவியலை ஈரமாகவே வைத்திருங்கள்.

வார்ப்படப் பட்டறையில் உருக்கி ஊற்றுகிற நேரத்தைவிட, ஆறிய வார்ப்பை மணலிலிருந்து உதறி எடுக்கும் நேரமும் அதைக் கிரைண்டரில் சுரண்டும் நேரமும் மோசம். வெப்பம் பட்டுப் பட்டு மணல் உடைந்து பொடியாகிறது. மிகை வெப்பத்தில் குவார்ட்ஸ் கிரிஸ்டோபலைட்டாக மாறவும் கூடும். மேசைக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் உறிஞ்சி வைத்த இடத்தில் மட்டும் அந்த வேலை நடக்க வேண்டும்.

பீங்கான், ஓடு தொழிலில் மண் ஈரமாக இருக்கும்வரை கவலையில்லை. தரையிலும் துணியிலும் சிந்திக் காய்ந்த மண்தான் நாள் முழுக்கத் தூசி கிளப்புகிறது. குவார்ட்ஸ் தூள் அரைக்கும் ஆலைகளில் மூட்டை கட்டும் இடம் உலகிலேயே கொடிய வேலையிடங்களில் ஒன்று; முழுதும் மூடிய எந்திரம் இல்லாமல் அங்கே யாரும் நிற்கக் கூடாது.

கட்டட வேலையில் சிமென்ட்டைக் குற்றம் சொல்பவர்கள் அதிகம். சிமென்ட் தோலை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும். ஆனால் அதில் படிக சிலிக்கா மிகக் குறைவு. மணலும் ஜல்லியும் சேர்ந்து இறுகிய பிறகு அதை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் இடிக்கும்போதும்தான் சிலிக்கா வெளிவருகிறது. இடிக்கும் வேலையில் தொடர்ந்து தண்ணீர் தெளியுங்கள். இடிபாட்டை மாடியிலிருந்து வீசாமல் மூடிய குழாய் வழியே இறக்குங்கள். சாலை அறுப்பு, ரத்தினக்கல் பட்டை தீட்டல், சிற்ப வேலை, செயற்கைப் பல் செய்யும் கூடம் இவற்றுக்கும் மேற்சொன்ன அதே தண்ணீர், உறிஞ்சி விதிதான்.

படி 7: மாஸ்க்

அமெரிக்கா 2016-ல் கொண்டுவந்த விதி, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் கூடாது என்கிறது. வேலை செய்யும் ஆள் ஒரு ஷிஃப்ட்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். அப்படியானால் ஒரு நாளைய உச்ச வரம்பே 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். ஒரேயொரு சீனிப் பரலின் எடை.

தண்ணீரும் உறிஞ்சியும் இல்லாமல் கான்கிரீட் வெட்டும்போது காற்றில் தூசி வரம்பைப்போலப் பல பத்து மடங்கு இருக்கும். 40 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்-95 மாஸ்க் சரியாகப் பொருந்தினால் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பது கணக்கு. அப்போதும் வரம்பைப்போல 4 மடங்கு உள்ளே போகிறது. மாஸ்க் போட்டுவிட்டேன் என்ற தைரியத்தில் உலர வெட்டுபவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு 40-ஐ 4 ஆக்கிய பிறகு அதே மாஸ்க் போட்டால், வரம்புக்குள் வந்துவிடுகிறார்.

கர்ச்சீப், துண்டு, அறுவை மாஸ்க் எதுவும் கணக்கில் வராது. "துண்டு கட்டினா துண்டெல்லாம் வெள்ளையாயிடுது, அவ்வளவு பிடிக்குதே" என்பார்கள். துண்டில் தெரிவது பெரிய தூசி. நூலிழைகளுக்கு நடுவே போனதைத் துண்டு காட்டாது.

என்-95 அல்லது எஃப்எஃப்பி-2 என்பது அடிப்படை. எஃப்எஃப்பி-3 அல்லது பி-100 அதைவிட மேல். தாடியிருந்தால் எந்த ஒட்டும் மாஸ்க்கும் பொருந்தாது. மழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மோட்டார் வைத்துக் காற்று தரும் தளர்வான தலைக்கவசம் வாங்கித்தர வேண்டும். இரண்டு பட்டைகளையும் போடுங்கள், ஒன்று உச்சந்தலைக்கு மேல், ஒன்று கழுத்துக்குப் பின். மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்துங்கள். வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணோரம் காற்று பட்டால் ஒழுகுகிறது. முதல்முறை கொடுக்கும்போது முறையான பொருத்தச் சோதனை செய்வது முதலாளியின் கடமை.

படி 8: பெருக்குவதும் துணியும்

உலர்ந்த விளக்குமாறும் கம்ப்ரசர் காற்றும் அன்றைய உழைப்பையெல்லாம் வீணாக்கும். ஈரத் துடைப்பு அல்லது ஹெப்பா வேக்குவம், இரண்டே வழி. கம்ப்ரசர் காற்றைச் சட்டையில் அடித்துத் தூசி தட்டுவதை உடனே நிறுத்துங்கள். உங்கள் மூக்குக்கு நேரே நீங்களே மேகம் உண்டாக்குகிறீர்கள். வேலைத் துணி வேலையிடத்திலேயே இருக்கட்டும். அப்படியே வீட்டுக்குப் போனால் அதை உதறித் துவைப்பவரும், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையும் அதைச் சுவாசிப்பார்கள்.

படி 9: அளந்து பாருங்கள்

செய்த ஏற்பாடு போதுமா என்று அளவு மட்டுமே சொல்லும். தொழிலாளியின் இடுப்பில் ஒரு சிறு பம்ப், அதிலிருந்து குழாய், சட்டைக் காலருக்குப் பக்கத்தில் நுண்தூசியை மட்டும் பிரித்துப் பிடிக்கும் சிறு சுழல்கூடு. ஷிஃப்ட் முழுக்க அணிந்திருக்க வேண்டும். ஃபில்டர் ஆய்வகத்துக்குப் போய் எடை, சிலிக்கா பங்கு இரண்டும் வரும். வழக்கமான நாளில் அளக்கச் சொல்லுங்கள். சோதனைக்காகத் தண்ணீர் தெளித்து வைத்த நாளில் அல்ல. முடிவைக் கேட்டு வாங்குங்கள். முறையை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

படி 10: மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்

ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு படியேறும்போது மூச்சு வாங்கும், வறட்டு இருமல், களைப்பு, எடை குறைதல். வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எடுத்து வையுங்கள். பின்னாளில் வரும் படத்தை ஒப்பிட அந்த முதல் படம்தான் ஆதாரம். பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் தொடர வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கேடு பெருகும்.

சிலிக்கோசிஸை எக்ஸ்ரேயில் காசநோய் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்த கதைகள் எத்தனையோ. இரண்டும் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் காட்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் சளிப் பரிசோதனையும் வேண்டும், தொழில் வரலாறும் வேண்டும். நீங்கள் சொல்லாமல் மருத்துவருக்கு அது தெரியாது. "கட்டட வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த வேலை, என்ன கல், உலர வெட்டினீர்களா தண்ணீர் விட்டா, மூடிய அறையா வெளியா, மாஸ்க் இருந்ததா, கூட வேலை செய்தவர்களில் யாருக்கேனும் மூச்சு நோய் வந்ததா. நோய் என்று உறுதியானால் இழப்பீட்டுக்கும் அந்த நோட்டு பயன்படும். எக்ஸ்ரே படங்களை மருத்துவமனையிலேயே விட்டுவிடாமல் கையோடு வாங்கி, அந்த நோட்டோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வையுங்கள்.